ஃபால் சீசன்ல (இலையுதிர் காலத்துல) ஸ்ட்ரைப்பர் மீன் பிடிக்க காத்து, தண்ணி, அலை பாக்கறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் பொறந்தா போதும், நியூ ஜெர்சில நமக்குத் தெரிஞ்ச பாதி பேருக்கு தூண்டில் ஞாபகம் வந்துரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா போன் வர ஆரம்பிக்கும், எல்லாருக்கும் ஒரே கேள்விதான், நாளைக்கு மீன் கிடைக்குமா. தனித்தனியா சொல்லி சொல்லி தொண்டை காஞ்சதுதான் மிச்சம், அதனால இதுவரைக்கும் கேட்டதையெல்லாம் ஒரே இடத்துல எழுதிட்டேன். நான் பெரிய எக்ஸ்பர்ட் எல்லாம் கிடையாது, தூத்துக்குடி பக்கம் பொறந்து எடிசன்ல வந்து குடியேறுன ஆளு, பதினோரு வருஷமா கரையில நின்னு வீசறேன், படகு கிடையாது. வெறுங்கையோட வந்த நாளையும் விடாம டைரியில எழுதி வச்சிருக்கேன், அது மட்டும்தான் நம்ம தகுதி.

ஸ்ட்ரைப்பர்னா நம்ம ஊர் கொடுவாவா?

இல்ல. வெள்ளை சதை, குழம்புல போட்டா உடையாது, அதனால நம்மாளுங்க கொடுவான்னு பேர் வச்சுட்டாங்க, ஆனா குடும்பமே வேற. முழுப்பேர் ஸ்ட்ரைப்டு பாஸ், செவுள்ல இருந்து வால் வரைக்கும் ஏழெட்டு கறுப்புக் கோடு ஓடும், மேரிலாண்ட் செசபீக் பக்கம் போனா ராக்ஃபிஷ்னு சொல்லுவாங்க. கடல்ல வாழ்ந்தாலும் முட்டை போட ஆத்துக்குள்ள ஏறும். வசந்த காலத்துல செசபீக் வளைகுடாவுல விழற ஆறுங்க, ஹட்சன், டெலவேர், இதெல்லாம்தான் இதுக்குப் பிரசவ வீடு.

ஃபால் ரன்னு ஃபால் ரன்னுங்கறாங்களே, அது என்ன, எப்ப?

முட்டை போட்டு முடிச்ச மீன் கோடையில குளிர்ந்த தண்ணியா பாத்து வடக்க போயிரும், மெய்ன் வரைக்கும் கூட போகும். செப்டம்பர்ல பகல் சுருங்கி தண்ணி ஆற ஆரம்பிச்சதும் திரும்ப தெக்க இறங்கும், இறங்கி நியூ ஜெர்சிக்கும் வட கரோலினாவுக்கும் நடுவுல இருக்கற கடல்ல குளிர்காலத்தை ஓட்டும். அந்த இறக்கம்தான் ஃபால் ரன். மாசசூசெட்ஸ் கேப் காட்ல செப்டம்பர், லாங் ஐலண்டோட கிழக்கு முனை மொன்டாக்ல அக்டோபர், ஜெர்சில அக்டோபர் கடைசியில சூடு பிடிச்சு டிசம்பர் ஆரம்பம் வரைக்கும் போகும்னு தோராயமா வச்சுக்கோங்க.

குளிர்காலத்துக்கு கொழுப்பு சேக்கணும்ல, அதனால வழியெல்லாம் தின்னுகிட்டேதான் போகும். அது தின்ற அயிட்டங்களும் அதே நேரத்துலதான் வளைகுடாவுல இருந்து வெளிய வரும், மடவைக் குஞ்சு, நெத்திலி வகை, சில்வர்சைடு, அப்புறம் பங்கர்னு இங்க சொல்ற மென்ஹேடன், அது நம்ம மத்திக்கு சொந்தக்காரன். இரை எங்க இருக்கோ அங்கதான் ஸ்ட்ரைப்பர், கல்யாண வீட்டுல பந்தி நடக்கற பக்கம் கூட்டம் நிக்கற மாதிரி. காத்தும் தண்ணியும் அந்தப் பந்தியை எங்க கொண்டு போய் போடுதுன்னு பாக்கறதுக்குத்தான் கீழ இருக்கற அத்தனை கதையும்.

அண்ணே, சனிக்கிழமை வெயில் சூப்பரா இருக்காம், காத்தே இல்லையாம், போலாமா?

போங்க, காத்து வாங்கிட்டு வாங்க. மீன் வேணும்னா சனிக்கிழமை வெதரை மட்டும் பாத்தா பத்தாது, புதன் வியாழன் வெள்ளி என்ன நடந்துச்சுன்னு பாக்கணும். கடல் பெரிய அண்டா மாதிரி, முந்தாநேத்து கலக்குனது இன்னைக்குத்தான் அடங்கும், போன வாரம் அடிச்ச வெயிலோட சூடு இந்த வாரமும் இருக்கும்.

என் டைரியில ஒரு அக்டோபர் சனிக்கிழமை இருக்கு. 72 டிகிரி ஃபாரன்ஹீட், மேகம் ஒரு பொட்டு கிடையாது, நாலஞ்சு நாளாவே மெல்லிசா காத்து, ஐலண்ட் பீச் ஸ்டேட் பார்க் கரை பூரா கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் ராடு நட்டு வச்சிருக்காங்க, எலுமிச்சை சாதம் காலி, சிப்ஸ் காலி, ஒருத்தருக்கும் ஒரு கடி கூட இல்ல, தண்ணி அவ்வளவு தெளிவு, முழங்கால் ஆழத்துல என் ஷூ லேஸ் தெரியுது. அதே இடத்துக்கு அடுத்த செவ்வாய் காலையில போனேன். ஞாயிறும் திங்களும் கிழக்குல இருந்து காத்து நல்லா வீசி அடங்கியிருந்துச்சு, வானம் சாம்பலா இருக்கு, கையெல்லாம் விறைக்குது, ஏழு மணிக்குள்ள நாலு மீன். கரையில நானும் இன்னொரு பெரியவரும் மட்டும்தான்.

தண்ணி எத்தனை டிகிரி இருக்கணும்?

55ல இருந்து 65 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தா ராஜபோகம், செல்சியஸ்ல 13ல இருந்து 18. 70க்கு மேல பகல்ல மந்தமா இருக்கும், 50க்கு கீழ போகப் போக சுறுசுறுப்பு குறையும், 45 தொட்டா கரையில இருந்து வீசறவன் கடைய கட்டிரலாம்.

ஆனா நம்பரை மட்டும் பிடிச்சுத் தொங்காதீங்க, வளைகுடா உள்ள எவ்வளவு, வெளிய கடல்ல எவ்வளவுங்கற வித்தியாசம்தான் ஃபால்ல விஷயமே. ஜெர்சில இருக்கற பார்னகாட் வளைகுடாவோட சராசரி ஆழம் சுமார் 5 அடிதான், ஆளு நின்னா கழுத்தளவு. ரெண்டு ராத்திரி குளிர் காத்து அடிச்சா அது படக்குனு ஆறிரும். வெளிய கடல் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. உள்ள வெடவெடன்னு குளிருது, வெளிய கதகதப்பா இருக்குன்னா மடவைக் குஞ்சு எந்தப் பக்கம் போகும்? செப்டம்பர்ல முதல் கோல்டு ஃபிரண்ட் (குளிர் காத்து முன்னேறி வர்ற எல்லை) கடந்த மறுநாள் ஏதாவது ஒரு இன்லெட்ல, அதாவது வளைகுடா கடல்ல திறக்கற வாய்ல, போய் நின்னு பாருங்க, மணல் ஓரமா கறுப்பு நிழல் மாதிரி கூட்டம் கூட்டமா வெளிய வந்துகிட்டே இருக்கும், மழைத்துளி விழற மாதிரி தண்ணி மேல சலசலன்னு துடிக்கும். அந்த வாரம் லீவு கிடைச்சா விட்றாதீங்க.

இன்னொரு கூத்து இருக்கு. ஆகஸ்ட் செப்டம்பர்ல தென்மேற்கு காத்து விடாம அடிச்சா மேல இருக்கற சூடான தண்ணி கரையை விட்டு விலகிப் போய் அடியில இருக்கற ஜில் தண்ணி மேல வந்துரும், வெளிய 85 டிகிரி வெயில்ல கால வச்சா ஐஸ் மாதிரி இருக்கும். ஜெர்சிக்காரங்களுக்கு இது பழகுன சமாச்சாரம். அந்த மாதிரி திடீர்னு பத்து டிகிரி இறங்குனா ரெண்டு நாள் கழிச்சுப் போங்க, மீனும் நம்மள மாதிரிதான், திடீர்னு ஏசியைக் கூட்டுனா சுருண்டு படுத்துக்கும்.

எந்தக் காத்து நல்லது?

இந்தக் கேள்விக்கு நேரா பதில் கிடையாது, முதல்ல நீங்க நிக்கற கரை எந்தப் பக்கம் பாத்திருக்குன்னு சொல்லுங்க. ஜெர்சி கரை கிழக்கப் பாத்திருக்கு, லாங் ஐலண்டோட தெக்குக் கரையும் ரோட் ஐலண்ட் கரையும் தெக்கப் பாத்திருக்கு. ஜெர்சில மேக்கால இருந்து வர்ற காத்து நம்ம முதுகுல அடிக்கும், அதே காத்து லாங் ஐலண்ட்ல பக்கவாட்டுல போகும். யாரோ மொன்டாக்ல சொன்ன காத்துக் கணக்கை அப்படியே கொண்டு வந்து அஸ்பரி பார்க்ல போட்டா எப்படி ஒத்து வரும்?

கீழ சொல்றது ஜெர்சிக்கு.

வடமேற்கு காத்து: நம்ம ஊர் வாடை மாதிரி, கோல்டு ஃபிரண்ட் கடந்ததும் வரும், வானத்தைத் துடைச்சு விட்டுரும், காதெல்லாம் சிவக்கும். முதுகுக் காத்து, அதனால அலையை அமுக்கும், லூரை (மீன் மாதிரி செஞ்ச போலி இரையை) நல்ல தூரம் கொண்டு போகும். இந்தக் காத்தோட முதல் நாள் தங்கம், ஏன்னா முந்தின நாள் ஆட்டம் போட்ட அலை இன்னும் மிச்சம் இருக்கும், கலக்கம் மட்டும் தெளிய ஆரம்பிக்கும். ரெண்டாவது நாள் பரவாயில்ல. மூணாவது நாள் தண்ணி குளம் மாதிரி ஆயிரும், பகல்ல வீட்டுல தூங்குங்க, விடிகாலை மட்டும் போங்க. பலமா அடிச்சா வளைகுடா தண்ணியையே வெளிய தள்ளிரும், வத்தம் (கடல் தண்ணி இறங்கறது) வழக்கத்தை விட ரொம்ப கீழ போகும். அப்ப கேமராவோட போய் மேடு பள்ளத்தையெல்லாம் படம் பிடிச்சு வச்சுக்கோங்க, அடுத்த ஏத்தத்துக்கு அந்தப் படம் தங்கம்.

வடகிழக்கு, கிழக்கு: அப்பா இருந்தா கொண்டல்னு சொல்லியிருப்பாரு. மூஞ்சில அடிக்கும், வீசறது கொடுமை, ஆனா மேல்தண்ணியையும் அதோட மிதக்கற சின்ன இரையையும் கரைக்குத் தள்ளும். 10ல இருந்து 15 நாட் வேகம் வரைக்கும் எனக்குப் பிடிச்ச காத்து இதுதான். 20 தாண்டுனா கஷ்டம், 25 தாண்டுனா காரை விட்டு இறங்காதீங்க. இந்தக் காத்துல பிளக்குன்னு சொல்ற, மரத்துல செஞ்ச இலகுவான லூர் எல்லாம் வீசுனா பூமராங் மாதிரி திரும்பி வரும், ஒல்லியான மெட்டல் லூர், இல்லைன்னா ரெண்டு அவுன்ஸ் பக்டெயில் (ஈயத் தலையில மான் வால் முடி கட்டுன லூர்) போடுங்க.

தெக்கு: கரைக்கு இணையா ஓடி தண்ணியை ஒரு பக்கமா இழுக்கும், பாசியையும் சேத்துக் கொண்டு வரும். ரெண்டு வீச்சுக்கு ஒரு தடவை முள்ளுல இருந்து பாசி பிடுங்கறதே வேலை. எனக்கு ஆகாது. லாங் ஐலண்ட் நண்பர் ஒருத்தர் தெக்குக் காத்துன்னா ஜோரா கிளம்புவாரு, அவருக்கு அதுதான் மூஞ்சிக் காத்து.

நார்ஈஸ்டர், அதான் வடகிழக்கு காத்தோட வர்ற பெரிய புயல், வருதுங்கறாங்க, முன்னாடி போறதா பின்னாடி போறதா?

ரெண்டும். நடுவுல மட்டும் போகாதீங்க.

நடுவுல போயும் பிடிச்சவங்க இருக்காங்கன்னு உடனே ஆரம்பிப்பீங்க, தெரியும். 1982 செப்டம்பர் 21 ராத்திரி, அட்லாண்டிக் சிட்டில வெர்மாண்ட் அவென்யூ ஜெட்டி (கடலுக்குள்ள நீட்டுன பாறைச் சுவர்) மேல, நார்ஈஸ்டர் அடிச்சுகிட்டு இருக்கும்போது ஆல் மெக்ரேனால்ட்ஸ் 78 பவுண்டு 8 அவுன்ஸ் ஸ்ட்ரைப்பர் பிடிச்சாரு, உலக ரெக்கார்டு. 2011ல கனெக்டிகட்ல கிரெக் மயர்சன் 81 பவுண்டு 14 அவுன்ஸ் பிடிக்கற வரைக்கும் அதை யாரும் அசைக்க முடியல. புயல்ல பெரிய மீன் கரைக்கு வருங்கறதுக்கு அதை விடப் பெரிய சாட்சி வேண்டாம், ஆனா அலை ஏறி அடிக்கற வழுக்குப் பாறையில ராத்திரி நிக்கறதுக்கு ஆயுள் கெட்டியா இருக்கணும்.

புயலுக்கு முந்தின நாள், காத்து கிழக்குக்குத் திரும்பி மேகம் கட்ட ஆரம்பிக்கும்போது நல்லா கடிக்கும். ஆனா நான் உயிரை விடறது புயல் ஓய்ஞ்ச மறுநாளுக்குத்தான். ஒரு நவம்பர் வியாழக்கிழமை சொல்றேன். ரெண்டு நாள் வடகிழக்கு காத்து வீட்டுக் கூரையையே ஆட்டிருச்சு, புதன் ராத்திரி பத்து மணிக்கு வடமேற்காத் திரும்புச்சு. மூணு மணிக்கு அலாரம், நாலேகாலுக்கு மான்மத் கவுண்டில ஒரு பீச். தண்ணி, பால் அதிகமா டிகாஷன் கம்மியா ஊத்துன காப்பி நிறம். கரைக்குப் பக்கத்துல இருக்கற உள் மணல்மேட்டுல அலை உடைஞ்சு நுரை கட்டிகிட்டு வருது, அந்த மேட்டுக்கும் கரைக்கும் நடுவுல இருக்கற பள்ளம் மட்டும் கொஞ்சம் கறுப்பா அமைதியா தெரியுது. பெரிய தூரம் எல்லாம் வீசல, முப்பது நாப்பது அடிதான். வெள்ளை பக்டெயில் மணல்ல ஒரு தட்டு தட்டி எந்திரிக்கறது விரல்ல தெரியுது, ரெண்டாவது தட்டு, மூணாவது தட்டு வரல, அதுக்குப் பதிலா யாரோ ஈர மூட்டையைக் கட்டி இழுக்கற மாதிரி ஒரு கனம். கரையில ஏத்தும்போது வாயில இருந்து உள்ளங்கை அளவு பங்கர் ஒண்ணு, பாதி செரிச்சது, மணல்ல விழுந்துச்சு. 36 இஞ்ச், சட்டப்படி வச்சுக்கக் கூடாத அளவு, வாலைப் பிடிச்சு நுரையில ரெண்டு ஆட்டு ஆட்டுனேன், போயிருச்சு. எட்டு மணிக்கு வெயில் நல்லா ஏறுன பிறகு அதே பள்ளத்துல ஒண்ணுமே இல்ல.

அலை எத்தனை அடி இருந்தா போகலாம்?

2ல இருந்து 4 அடி எனக்கு வசதி. ஆனா அடி மட்டும் பாத்தா ஏமாந்துருவீங்க, ரெண்டு அலைக்கு நடுவுல எத்தனை செகண்டுங்கறதையும் பாக்கணும். 4 அடி 6 செகண்டுன்னா பக்கத்துல அடிச்ச காத்து கிளப்புன சில்லறை அலை, சளசளன்னு இருக்கும், காத்து நின்னதும் அடங்கிரும். 3 அடி 12 செகண்டுன்னா எங்கயோ தூரத்துல புயல் இருக்குன்னு அர்த்தம். அதோட வேர் ஆழத்துல இருக்கும், வெளிக்கடல்ல 6 செகண்டு அலை முப்பது மீட்டர் ஆழத்துக்குள்ள அடங்கிரும், 12 செகண்டு அலை நூறு மீட்டருக்குக் கீழ இருக்கற தண்ணியையும் ஆட்டும். கரைக்கு வந்ததும் எந்திரிச்சு நிக்கும் பாருங்க, 3 அடின்னு சொன்னது 5, 6 அடியா வந்து விழும். செப்டம்பர்ல வானம் நீலமா இருக்கும், காத்தே இருக்காது, ஆனா அட்லாண்டிக்ல எங்கயோ சுத்தற ஹரிகேனோட அலை இப்படி வரும். நாலு அலை சின்னதா வந்து அஞ்சாவது ஆளைத் தூக்கும்.

கொஞ்சம் வெள்ளை நுரை இருந்தா ஏன் நல்லதுன்னா, அந்தக் கொதிப்புல சின்ன மீனால நேரா நிக்க முடியாது, தடுமாறும், ஸ்ட்ரைப்பருக்கு அகல வாலு, அதுக்கு அந்தத் தள்ளுமுள்ளெல்லாம் ஒரு பொருட்டே இல்ல. நுரை மேல கூரை மாதிரி மூடியிருக்கறதால பகல்லயும் தைரியமா கரை வரைக்கும் வரும்.

தண்ணி கலங்கலா இருந்தா வீசலாமா?

குழம்புன குட்டையில மீன் பிடிக்கறதுன்னு நம்ம ஊர்ல திட்டறதுக்குச் சொல்லுவாங்க, இங்க ஓரளவுக்கு அது உண்மையான யோசனைதான். லேசா கலங்கி பச்சையா, ரெண்டு மூணு அடிக்கு கண்ணு தெரியற மாதிரி இருந்தா அதை விட நல்ல தண்ணி கிடையாது. மீன் உங்களைப் பாக்காது, லூர்ல இருக்கற குறையும் அதுக்குத் தெரியாது. உடம்போட பக்கவாட்டுல அதிர்வை உணர்ற ஒரு கோடு இருக்கு, அது வழியா அதிர்வைப் பிடிச்சே வந்து அடிக்கும்.

சாக்லேட் பால் மாதிரி மணல் சுத்திகிட்டு இருந்தா விட்ருங்க. பாசி விழுந்தா அதை விட மோசம், தூண்டில் நரம்பு பூரா ஈரக் கயிறு மாதிரி தொங்கும். அப்ப ஒரு வழி இருக்கு, ரெண்டு மைல் தள்ளிப் போய் பாருங்க. பாறை ஜெட்டியோட ஒரு பக்கம் சகதியா இருக்கும், மறு பக்கம் தெளிவா இருக்கும், அந்த ரெண்டும் சேர்ற கோட்டுல வீசுங்க. கலங்குன தண்ணிக்கு கறுப்பு, அடர் ஊதா இல்லன்னா பளிச்சுன்னு மஞ்சள், தெளிஞ்ச தண்ணிக்கு எலும்பு வெள்ளை, ஆலிவ். இது என் நம்பிக்கை, கடைக்காரங்க நூறு கலர் விக்கறாங்க, அதுல தொண்ணூறு மீனுக்கு இல்ல, நமக்கு.

ஏத்தமா வத்தமா, எப்ப போகணும்?

தண்ணி ஓடணும், அதுதான் முக்கியம். ஏத்தமும் இல்லாம வத்தமும் இல்லாம நிக்கற அரை மணி நேரத்துல டீ குடிங்க.

திறந்த பீச்னா ஏத்தத்தோட கடைசி ரெண்டு மணி நேரமும் வத்தத்தோட முதல் ரெண்டு மணி நேரமும் எனக்குப் பிடிக்கும், அப்பதான் வெளி மணல்மேட்டைத் தாண்டி பள்ளத்துக்குள்ள மீன் வர்ற அளவுக்குத் தண்ணி இருக்கும். இன்லெட்னா வத்தம். வளைகுடாவுல இருந்த இரையையெல்லாம் வாய்க்கால் மடை திறந்த மாதிரி வெளிய துப்பும், ஸ்ட்ரைப்பர் வாயைத் திறந்து வச்சுகிட்டு பாறை மறைவுல நின்னா போதும். புதுசா வர்றவங்க எல்லாரும் செய்யற தப்பு ஒண்ணு, பீச்ல வத்தம் முடியற நேரத்தை ஏத்தவத்த டேபிள்ல பாத்துட்டு இன்லெட்லயும் அப்பவே ஓட்டம் நின்னுரும்னு கிளம்பிருவாங்க. நிக்காது. வளைகுடா காலியாக நேரம் பிடிக்கும், வெளிய ஏத்தம் ஆரம்பிச்ச பிறகும் ஒண்ணு ரெண்டு மணி நேரம் உள்ள தண்ணி வெளிய ஓடிகிட்டே இருக்கும்.

ஓட்டத்தோட பலம் பாக்கணும்னா ஒரு தடவை மாசசூசெட்ஸ் போய் கேப் காட் கால்வாயைப் பாருங்க. ஒரு பக்கம் கேப் காட் வளைகுடாவுல ஏத்தவத்தம் 9 அடி கிட்ட, மறுபக்கம் பசர்ட்ஸ் வளைகுடாவுல 4 அடி கிட்ட, ரெண்டுத்தையும் வெட்டி இணைச்சிருக்காங்க, அதனால ஆறு மாதிரி ஓடும், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை திசை மாறும். ஆளுங்க சைக்கிள்ல வந்து மீன் பிடிப்பாங்க, கரையோரமா சர்வீஸ் ரோடு இருக்கு.

இன்னொரு கணக்கு: ஏத்தம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். இன்னைக்கு காலையில அஞ்சு மணிக்கு கடிச்சா நாளைக்கு ஆறு மணிக்கு கிட்ட பாருங்க.

அமாவாசை பௌர்ணமி எல்லாம் பாக்கணுமா?

பாக்கணும், பஞ்சாங்கத்துக்காக இல்ல, ஓட்டத்துக்காக. ரெண்டுலயும் ஏத்தம் அதிகம் ஏறும், வத்தம் அதிகம் இறங்கும், தண்ணி வேகமா ஓடும். பௌர்ணமி வெளிச்சத்துல தெளிஞ்ச தண்ணின்னா மீன் கொஞ்சம் உஷாரா இருக்கும், எனக்கு அமாவாசைதான் ராசி. ஒரு தொல்லை மட்டும் உண்டு, செப்டம்பர் அக்டோபர் இருட்டு ராத்திரில சில சமயம் தண்ணியைத் தொட்டா பச்சையா மின்னும், கண்ணுக்குத் தெரியாத உயிருங்க விடற வெளிச்சம், இங்க நெருப்புன்னே சொல்லுவாங்க. அப்ப நரம்பும் லூரும் தீபாவளி மத்தாப்பு மாதிரி கோடு போட்டுகிட்டு வரும், மீன் ஒதுங்கிரும். மெதுவா, ரொம்ப மெதுவா சுத்துங்க.

பாரோமீட்டர் இறங்குனா மீன் கடிக்கும்னு சொல்றாங்களே?

கடிக்குது, உண்மைதான், ஆனா பிரஷராலன்னு சொல்றது எனக்கு ஒத்து வரல. சாதாரண நாளைக்கும் புயல் நாளைக்கும் காத்தழுத்தம் 30 மில்லிபார் வித்தியாசப்பட்டா அதிகம். தண்ணிக்குள்ள ஒரு அடி கீழ இறங்குனாலே 30 மில்லிபார் கூடிரும். அலையில மேலயும் கீழயும் போய்கிட்டே இருக்கற மீனுக்கு அது நிமிஷத்துக்கு பத்து தடவை நடக்கற விஷயம். பாரோமீட்டர் இறங்கும்போது கூடவே மேகம் வருது, வெளிச்சம் குறையுது, காத்து கிழக்கால திரும்புது, அலை எழும்புது, இத்தனையும் இருக்கும்போது பாரோமீட்டர் முள்ளைப் பாத்து ஏன் சந்தோஷப்படணும்? இதுல எனக்கும் ஒரு கடைக்கார அண்ணனுக்கும் வருஷா வருஷம் சண்டை.

மழை பெஞ்சா?

தூறல்னா கண்ண மூடிகிட்டு போங்க. கொட்டித் தீர்த்த மழைன்னா ராரிட்டன் வளைகுடா, ஆத்து முகத்துவாரம் பக்கம் ரெண்டு நாள் போகாதீங்க, மரக்கட்டை, பிளாஸ்டிக், பழுப்புத் தண்ணி. ஸ்ட்ரைப்பருக்கு உப்பில்லாத தண்ணி ஆகாதுன்னு இல்ல, அது ஆத்துல பொறந்ததுதான், பிரச்சனை கண்ணு தெரியாததுதான். போயே ஆகணும்னா ஏத்தத்துல போங்க, கடல் தண்ணி உள்ள வந்து கொஞ்சம் சுத்தம் பண்ணும். இடி மின்னல்னா கிராஃபைட் ராடைக் கீழ வச்சுட்டு காருக்குள்ள உக்காருங்க, அந்த ராடு மின்சாரம் கடத்தும்.

பகலா ராத்திரியா?

அக்டோபர் வரைக்கும் விடியறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் அந்தி சாஞ்ச பிறகும். மேகமூட்டமா இருந்தா விடிகாலைக் கடி பத்து மணி வரைக்கும் நீளும். நவம்பர் கடைசி, டிசம்பர்ல தலைகீழ், கரையில சேண்ட் ஈல்ங்கற ஒல்லி இரை மீன் இருந்தா மதியம் வெயில் ஏறி ஆழமில்லாத தண்ணி ஒரு டிகிரி ரெண்டு டிகிரி சூடாகும்போது கடிக்கும், தூக்கத்தை விட்டு எந்திரிக்க வேண்டாம். அந்தச் சமயத்துல தூரத்துல வெள்ளையா பெரிய பறவை மேல இருந்து ஈட்டி மாதிரி விழுந்தா அது கேனட், அதுக்குக் கீழ பங்கர் இருக்கு.

காத்து, தண்ணி விவரமெல்லாம் எங்க பாக்கறீங்க?

நோவாங்கற அமெரிக்க கடல், வானிலை அரசுத் துறையோட மிதவைங்கதான். நியூயார்க் துறைமுக வாசல்ல 44065, லாங் ஐலண்டுக்குத் தெக்க கடல்ல 44025, ரெண்டுலயும் அலை, எத்தனை செகண்டு, காத்து, தண்ணி சூடு எல்லாம் வரும், காசு கிடையாது. நாளைக்கு என்ன ஆகும்னு ஆப்ல பாக்கறதை விட போன மூணு நாளோட கிராஃபை இதுல பாருங்க. வானிலை ஆப் ஒண்ணை நம்பி மூணு வருஷம் முன்னாடி ஒண்ணரை மணி நேரம் ஓட்டிட்டுப் போனேன், 8 நாட்னு போட்டிருந்துச்சு, பீச்ல கார் கதவைத் திறக்க முடியல.

பாதுகாப்புக்கு என்ன?

கடலுக்கு முதுகு காட்டாதீங்க. வேடர்ஸ் (தண்ணி புகாத நீளமான கால்சட்டை) போட்டா இடுப்புல பெல்ட் இறுக்கிக் கட்டுங்க, இல்லைன்னா விழுந்ததும் தண்ணி உள்ள ரொம்பி எந்திரிக்க விடாது. ஜெட்டின்னா ஆணி வச்ச காலணி இல்லாம ஏறாதீங்க, ஈரப்பாசி ஐஸ் மாதிரி. நானே ஒரு தடவை லூர் மாத்தறதுக்காகத் திரும்பி நின்னு குனிஞ்சேன், பின்னாடி வந்த அலை முழங்காலை மடக்கி உக்கார வச்சுருச்சு, லூர் பை போச்சு, போன் போச்சு, 52 டிகிரி தண்ணி கழுத்துக்குள்ள போனதும் மூச்சு அப்படியே நின்னுச்சு. வீட்டுல போன் போனதை மட்டும்தான் சொன்னேன்.

பிடிச்சதை வீட்டுக்கு எடுத்துட்டு வரலாமா?

இதை எழுதற நேரத்துல கடல் பக்கம் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு, 28 இஞ்ச்ல இருந்து 31 இஞ்ச்குள்ள இருக்கணும். சட்டம் அடிக்கடி மாறும், கிளம்பறதுக்கு முன்னாடி மாநில வெப்சைட்ல பாத்துக்கோங்க. நிஜ இரை கோத்தா வட்டமா வளைஞ்ச சர்க்கிள் ஹூக்தான் போடணும், இது 2021ல இருந்து. கரையில இருந்து 3 மைலுக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ரைப்பர் பிடிக்கவே கூடாது. ஜெர்சில கடல் மீனுக்கு லைசன்ஸ் கிடையாது, ஆனா இலவசமா ரெஜிஸ்டர் பண்ணணும்.

ஏன் இவ்வளவு கெடுபிடின்னா, மேரிலாண்ட் 1954ல இருந்து செசபீக்ல குஞ்சு எண்ணிகிட்டு வருது, 2019ல இருந்து எண்ணிக்கை சராசரிக்குக் கீழயே கிடக்கு. விடற மீன்ல கூட நூத்துக்கு ஒம்பது செத்துரும்னுதான் கணக்கு வச்சிருக்காங்க. அதனால போட்டோவுக்காக அஞ்சு நிமிஷம் மணல்ல போட்டு உருட்டாதீங்க.

அண்ணே, எனக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைக்கும், எந்த நாள் போடறது?

தேதியை இப்பவே சொல்ல முடியாது, அதான் பிரச்சனை. அக்டோபர் கடைசி வாரத்துக்கும் நவம்பர் மூணாவது வாரத்துக்கும் நடுவுல மிதவை கிராஃபைப் பாத்துகிட்டே இருங்க, ரெண்டு நாள் வடகிழக்கு அடிச்சு, தண்ணி 55 கிட்ட நின்னு, காத்து வடமேற்காத் திரும்பற ராத்திரி பத்து மணிக்கு மேனேஜருக்கு வயித்து வலின்னு மெசேஜ் போட்டுருங்க. காலையில ஏத்தம் ஆறு ஏழு மணிக்கு முடியுதுன்னா எனக்கும் ஒரு மெசேஜ் போடுங்க, நானும் வயித்து வலியோட வர்றேன்.